யாருக்குச் சொந்தம்?

கேட் என்ற பெண் பைத்தியமா, அல்லது வெறும் அசடா? 1835-ம் வருஷம் அமெரிக்காவில் லூயிஸியானா ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டுக்கு இந்தக் கேள்வி வந்தது. அவளுக்கு வைத்தியம் செய்யும் உத்தேசம் அங்கே யாருக்கும் இல்லை. ஈகார் என்பவர் ஸுவாரெஸ் என்பவரிடம் அவளை விலைக்கு வாங்கியிருந்தார். வாங்கின பிறகு அவளுக்குச் சித்தம் சரியில்லை என்று தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று பிராது கொடுத்தார். விற்றவருக்கு வாய்த்த வக்கீல் கெட்டிக்காரர். பெண் பைத்தியம் அல்ல, அசடுதான் என்பது அவருடைய வாதம். பைத்தியம் மறைந்து கிடக்கும் கோளாறு. அதற்கு விற்றவன் ஜவாப்தாரி. அசட்டுத்தனமோ பார்த்த மாத்திரத்தில் தெரிகிற கோளாறு. கண்ணைத் திறந்துகொண்டு வாங்கிவிட்டு அப்புறம் புலம்புவதில் பிரயோஜனம் இல்லை.

நீதிபதிகள் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார்கள். பைத்தியமோ அசடோ, அந்தப் பெண்ணால் வாங்கினவருக்கு ஓர் உபயோகமும் இல்லை என்பது ருசுவாகியிருக்கிறது. ஆகவே கிரயம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஈகாருக்கு நியாயம் கிடைத்தது.

நான் சட்டம் படித்தவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் சிவில் வழக்கு என்றால் எனக்கு ஒரு சபலம் உண்டு. வரப்புத் தகராறுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு தென்னை மரம் யார் கொல்லையைச் சேர்ந்தது என்று கேட்டு, அந்த மரம் பட்டுப்போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகும் அப்பீல் நடத்துகிறவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் அமெரிக்கத் தென்பகுதியின் பழைய அடிமை வழக்குகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். கொடுமைகளை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். சவுக்கும் சங்கிலியும் இருந்தன. அதற்குமேல் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. அந்தக் காகிதங்களில் நியாய புத்தி நிறைய இருந்தது. சாட்சியை அலசுவதில் நிதானம், பத்திரத்தைப் படிப்பதில் ஜாக்கிரதை, கட்சிக்காரர்களில் எவனுக்கும் அநியாயம் நேர்ந்துவிடக்கூடாதே என்ற கவலை, எல்லாம் இருந்தன. அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்வது அதுதான்.

லூயிஸியானாவின் 1825-ம் வருஷத்து சிவில் சட்டத்தைப் பாருங்கள். விலைக்கு வாங்கின அடிமையைத் திருப்பிக் கொடுக்க என்னென்ன காரணங்கள் செல்லும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. உடம்பைச் சேர்ந்த குறைகளில் குஷ்டம், பைத்தியம், காக்காய்வலிப்பு ஆகிய மூன்றும் இருந்தாலே கிரயம் ரத்து. குணத்தைச் சேர்ந்த குறைகள் தனி. திருடுகிறவன், மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவன், ஓடிப்போகும் பழக்கம் உள்ளவன். ஓடிப்போகும் பழக்கம் என்றால் என்ன? சட்டம் அதையும் மயக்கமில்லாமல் சொல்லிவிடுகிறது: எஜமான் வீட்டை விட்டு இரண்டு தடவை சில நாட்களாவது காணாமல் போயிருக்க வேண்டும், அல்லது ஒரே தடவை ஒரு மாதத்துக்குமேல் போயிருக்க வேண்டும். ஒரு தடவை நாலு நாள் போய் வந்தால் அது பழக்கம் ஆகாது! விற்கிறவனுடைய நலனையும் கவனிக்க வேண்டும் அல்லவா?

இந்த ஷரத்தை எழுதியவர் நிச்சயமாகக் கொடியவர் அல்ல. மாட்டுத் தரகில் கூட இல்லாத ஒழுங்கை மனிதத் தரகில் கொண்டுவர முயன்ற நேர்மையான மனிதர். அடிமை எதற்காக ஓடினான் என்ற கேள்வி மட்டும் அவர் பேனாவில் வரவில்லை. சுதந்திரமாக இருக்க ஆசைப்படுவது திருட்டுக்குப் பக்கத்தில் ஒரு துர்க்குணமாக உட்கார்ந்துவிட்டது. 1851-ல் கார்ட்ரைட் என்ற வைத்தியர் ஒருவர் நியூ ஆர்லியன்ஸ் வைத்தியப் பத்திரிகையிலேயே அதை ஒரு மனோவியாதி என்று எழுதி, கிரேக்க மொழியில் பெயரும் சூட்டிவிட்டார். துர்க்குணம் வியாதியாக உயர்வு பெற்றது!

1860-ம் வருஷக் கணக்குப்படி அந்த நாட்டில் 39 லட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். இத்தனை பேரும் சொத்து. சொத்து என்றால் நமக்குத் தெரியாததா? கடனுக்கு அடமானம் வைக்கலாம். பாகப்பிரிவினையில் பங்கு போடலாம். வருஷக் குத்தகைக்கு விடலாம். மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம். கடன்காரன் டிக்ரி வாங்கினால் ஜப்தி செய்து ஏலம் போடலாம். அடிமை ஏலம் என்றால் கொடிய முகமுடைய வியாபாரிதான் நம் கண்முன் நிற்கிறான். ஆனால் தென் கரோலினா ராஜ்யத்தின் பழைய ரிகார்டுகளை ஆராய்ந்த ஒரு சட்ட சரித்திரக்காரர், அங்கே நடந்த அடிமை விற்பனைகளில் ஏறக்குறையப் பாதி கோர்ட்டு மூலம் நடந்தவை என்று கணக்குக் காட்டியிருக்கிறார். எல்லா வியாபாரிகளையும்விடப் பெரிய வியாபாரியாக இருந்தது நியாயஸ்தலந்தான். ஒரு மனிதர் நல்ல எஜமானாகவே வாழ்ந்து மடிந்திருக்கலாம். அவர் செத்த மறுமாதம் கடன்காரர்கள் வருவார்கள், கோர்ட்டு வரும், தாய் ஒரு லாட், பிள்ளை ஒரு லாட். அதில் யாரிடமும் துவேஷம் கிடையாது. கணக்கைத் தீர்க்க வேண்டும், அவ்வளவே. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸன் இறந்த மறு வருஷம், 1827 ஜனவரியில், அவருடைய கடன்களுக்காக 130 அடிமைகள் அவர் வீட்டிலேயே ஏலத்துக்கு வந்தார்கள்.

உயில் வழக்குகள் இன்னும் விசித்திரமானவை. கணவன் உயில் எழுதுகிறான்: என் அடிமைப் பெண்ணை என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவிக்க வேண்டியது, அவளுக்குப் பிறகு என் மகனைச் சேர வேண்டியது என்று. நம் உயில்களிலும் நிலத்துக்கு இப்படித்தானே எழுதுகிறோம்? மனைவி இருபது வருஷம் உயிரோடு இருக்கிறாள். அதற்குள் அந்த அடிமைப் பெண்ணுக்கு ஐந்து குழந்தைகள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் செய்துவிட்டார்கள்; அதில் சந்தேகம் இல்லை. ஐந்து குழந்தைகளும் யாருக்கு? மனைவி வகையறாவுக்கா, மகனுக்கா? பசுவாக இருந்தால் பதில் சுலபம்: அனுபவ பாத்தியதை உள்ளவளுக்குக் கன்று சேரும். பெண் விஷயத்தில் அப்படிக் கூடாது, குழந்தைகள் தாயோடு மகனைச் சேரவேண்டும் என்று பெரும்பாலான ராஜ்யங்களின் கோர்ட்டுகள் முடிவு செய்தன. மேரிலாந்து கோர்ட்டு, அனுபவிக்கிறவருக்கே என்றது. இரண்டு பக்கத்திலும் பெரிய பெரிய சட்ட மேதைகள் இருந்தார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையும், இன்னும் வயிற்றில் உருவாகாத குழந்தையும்கூட உயில்களில் முன்கூட்டியே பங்கு பிரிக்கப்பட்டன. அதற்கு அவர்கள் உபயோகித்த சொல்லைத் தமிழில் 'பெருக்கம்' என்று சொல்லலாம். மந்தைக்கும் அதே சொல்தான்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஒரு மனிதப் பிறவி யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேர் சண்டையிடுகிறார்கள். ஒருவனிடம் ஒழுங்கான பத்திரம் இருக்கிறது, மற்றவன் ஏமாற்றுக்காரன். நீதிபதி பத்திரம் உள்ளவனுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். அவர் செய்தது நியாயமா? ஏமாற்றுக்காரனுக்கு அவளைக் கொடுத்திருக்கலாம் என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம். அப்படியானால் நியாயம் என்று ஒப்புக்கொள்வோமா? அதற்கும் நாக்கு வரவில்லை.

நீதிபதி என்ன செய்வார், சட்டத்தை அவரா எழுதினார் என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்விதான். அதற்கு மிகவும் நேர்மையான பதிலை எழுதியவர் என்று நூறு வருஷத்துக்குமேல் பேர் வாங்கியிருந்தவர் வட கரோலினாவின் தாமஸ் ரஃபின்.

1829-ல் அந்த ராஜ்யத்தில் சோவான் ஜில்லாவில் லிடியா என்று ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவளுக்குச் சொந்தக்காரி எலிஸபெத் ஜோன்ஸ் என்ற மைனர் பெண், தாய் தகப்பன் இல்லாதவள். கார்டியன் அந்தச் சொத்துக்கு வருமானம் வரட்டும் என்று லிடியாவை ஜான் மான் என்பவனிடம் ஒரு வருஷ வாடகைக்கு விட்டார். ஏதோ சில்லறைத் தப்புக்காக மான் அவளை அடித்தான். அவள் பாதியில் திமிறி ஓடினாள். நில் என்றான், நிற்கவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். காயம் பட்டு விழுந்தாள். ஜில்லாக் கோர்ட்டில், இவன் சொந்தக்காரன் அல்ல, வாடகைக்காரன்தானே, இவனுக்கு இவ்வளவு அதிகாரம் ஏது என்று ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்றார்கள். அபராதம் 5 டாலர். அந்த ஐந்து டாலரையும் விடாமல் அப்பீல் செய்தான் மான்.

ரஃபின் தீர்ப்பைப் பல தடவை எழுதி எழுதித் திருத்தியிருக்கிறார். நகல்கள் இன்றும் இருக்கின்றன. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வேதனை புரிகிறது. வாடகைக்காரன் அந்தக் காலவரையறைக்குள் சொந்தக்காரனுக்குச் சமானம் என்று முதலில் முடிவு கட்டினார். பிறகு, தகப்பன் பிள்ளையை அடிப்பதோடும் வாத்தியார் மாணவனை அடிப்பதோடும் இதை ஒப்பிடலாமா என்று தாமே கேட்டுக்கொண்டு, கூடாது என்கிறார். அங்கே அடிபடுகிறவனுடைய நன்மை நோக்கம். இங்கே அடிக்கிறவனுடைய லாபம் நோக்கம். தனக்கு ஒரு பயனும் இல்லாத வேலையை ஆயுள் முழுதும் ஒருவன் எதற்காகச் செய்வான்? வரம்பில்லாத அதிகாரம் ஒன்றினால்தான் அவனைச் செய்ய வைக்க முடியும். ஆகவே எஜமானின் அதிகாரத்துக்கு வரம்பு வைக்க எங்களால் ஆகாது, மான் நிரபராதி. இதன் கடுமையைத் தாம் யாரையும்போல உணர்வதாகவும், தர்மம் என்று பார்த்தால் ஒவ்வொரு மனிதனும் தனிமையில் இதை நிராகரித்தே தீரவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். லிடியாவின் மதிப்புக் குறைந்ததற்காக மான்மீது நஷ்டஈடு கேட்கும் பாத்தியதை அந்த மைனர் குழந்தைக்கு உண்டு. லிடியாவுக்கு ஒன்றும் இல்லை.

'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் இந்தத் தீர்ப்பைப் படித்து நடுங்கினார். ஆனால் எழுதியவரை மதித்தார். பூசி மெழுகாமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறாரே என்று. 1856-ல் அவர் எழுதிய இன்னொரு நாவலில் இப்படிப்பட்ட ஒரு நீதிபதியைப் பாத்திரமாகவே வைத்துவிட்டார். தன் கையாலேயே தன் மனத்தை ரணமாக்கிக்கொள்ளும் நல்ல மனிதன்! எந்த நாவலாசிரியனையும் மயக்கும் பாத்திரந்தான். நானாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன். பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் ரஃபினின் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அடிமை வியாபாரம் செய்த ஒருவனோடு அவர் வெளியில் தெரியாத கூட்டாளியாக இருந்து லாபத்தில் பங்கு வாங்கியது தெரிய வந்தது. ராலே நகரத்தில் கோர்ட்டு வாசலில் நின்ற அவருடைய சிலையை 2020-ல் எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, ஆசாமி வேஷக்காரர் என்று முடித்துவிட்டால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வருத்தப்பட்டது பொய் என்று நான் நினைக்கவில்லை. வருத்தப்பட்டதுதான் அவரைக் காப்பாற்றியது. வருத்தப்படுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று அவரும் நம்பினார், படித்தவர்களும் நம்பினார்கள். வருத்தத்தோடு எழுதின தீர்ப்புக்கும் வருத்தமில்லாமல் எழுதின தீர்ப்புக்கும் லிடியாவின் காயத்தில் வித்தியாசம் கிடையாது. வட கரோலினாவின் மற்ற எஜமான்களுக்கோ பெரிய வித்தியாசம். இவ்வளவு நல்ல மனிதரே இவ்வளவு யோசித்து இப்படிச் சொல்லிவிட்டார் என்றால் அப்புறம் நமக்கென்ன?

கேள்வியையே கேட்க மறுத்த நீதிபதி ஒருவரும் இல்லையா என்று தேடினேன். ஒருவர் இருந்தார். ஜார்ஜ் வித் என்று வர்ஜீனியாவில் ஒரு கிழவர்; சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்; ஜெபர்ஸனுக்குச் சட்டம் கற்றுக்கொடுத்த குரு. ஜாக்கி ரைட் என்ற பெண்ணும் அவள் வமிசத்துப் பெண்களும், எங்கள் பாட்டி வழி செவ்விந்தியர் வழி, எங்களை அடிமையாக வைத்திருப்பது செல்லாது என்று அவரிடம் வழக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று தலைமுறைப் பெண்கள். வித் அவர்களை விடுதலை செய்தார். அதோடு நிறுத்தாமல் ஒரு காரணத்தையும் சேர்த்தார்: மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே சுதந்திரர் என்று இந்த ராஜ்யத்தின் உரிமைப் பிரகடனம் 1776-ல் சொல்லியிருக்கிறது, ஆகவே ஒருவரை அடிமை என்று சொல்கிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். பத்திரம் இருக்கிறதா, பாட்டி யார் என்ற கேள்விகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார் அவர்.

அப்பீல் 1806-ல் செயின்ட் ஜார்ஜ் டக்கர் என்ற நீதிபதியிடம் போயிற்று. டக்கர் வித்தின் சிஷ்யர். அவருக்குப் பின் அதே கல்லூரியில் சட்டம் போதித்தவர். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 1796-ல் புத்தகமே எழுதி ராஜ்ய சபைக்கு அனுப்பினவர். இதைவிட நல்ல நீதிபதி வாய்க்குமா? டக்கரும் அந்தப் பெண்களை விடுதலை செய்தார். ஆனால் குருநாதர் சொன்ன காரணத்தை வெட்டிவிட்டார். பிரகடனத்தில் உள்ள வாசகம் அடிமைகளை உத்தேசித்தது அல்ல. அதை வைத்துக்கொண்டு சொத்துரிமையைக் கவிழ்க்க முடியாது என்றார். பிறகு தலைமயிர் நீளமா சுருட்டையா, நிறம் என்ன, மூக்கு எப்படி என்று பார்த்து, இவர்கள் செவ்விந்தியர் வழி என்று முடிவு செய்தார். கறுப்பராகத் தெரிகிறவர் தாம் அடிமையல்ல என்று தாமே நிரூபிக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உறுதியாயிற்று. மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கதவு திறந்தது. அதே கதவு லட்சக்கணக்கானவர்களுக்குச் சாத்தப்பட்டது.

வித் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்த வருஷம் ஜூன் மாதத்திலேயே போய்விட்டார். ஆஸ்திக்கு ஆசைப்பட்ட பேரன் முறைப் பையன் ஒருவன் விஷம் வைத்ததாகச் சந்தேகம். அவன் காப்பிப் பாத்திரத்தண்டை நின்றதைக் கண்ணால் கண்டவள் வித்தினால் விடுதலை பெற்ற கறுப்புச் சமையற்காரி லிடியா பிராட்னாக்ஸ். வெள்ளையனுக்கு விரோதமாகக் கறுப்பர் சாட்சி சொல்ல வர்ஜீனியாச் சட்டத்தில் இடம் இல்லை. அவள் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. பையன் விடுதலையானான். இதைக் கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

எந்த நாட்டிலும் சட்டம் ஒரு பொருளை ஒழுங்காக விற்க வேண்டுமென்றால் அந்தப் பொருள் பேசாமல் இருக்க வேண்டும். மனிதன் பேசிக்கொண்டே இருப்பான். அதுதான் சிக்கல். அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. வர்ஜீனியாவில் பாயின்டெக்ஸ்டர் என்று ஒருவர், தம் மனைவியின் காலத்துக்குப் பிறகு அடிமைகள் விடுதலை வேண்டுமா, ஏலத்தில் விற்கப்பட வேண்டுமா என்று தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என உயில் எழுதிவிட்டுப் போனார். 1858-ல் ராஜ்யத்தின் உச்சக் கோர்ட்டு அந்த ஷரத்து செல்லாது என்றது. தேர்ந்துகொள்வது என்றால் அதற்குச் சித்தம் என்று ஒன்று வேண்டும். அடிமைக்குச் சட்டத்தின் பார்வையில் சித்தம் கிடையாது. இல்லாத சித்தத்தால் விடுதலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இத்தனைக்கும் அதே அடிமை கொலை செய்தால் சித்தமறிந்து செய்தான் என்று தூக்கில் போட அதே சட்டத்துக்குத் தயக்கம் இல்லை. தூக்கு மரத்தடியில் மட்டும் அவன் பூரண மனிதன்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு தமிழனுக்குத் திருவெண்ணெய்நல்லூர் ஞாபகம் வராமல் போகாது. பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, இவன் என் அடிமை என்று வழக்குப் போடுகிறார். சபை கூடுகிறது. அனுபோகமா, ஆவணமா, சாட்சியா, எது இருக்கிறது என்று கேட்கிறார்கள். சுந்தரர் முதலில் கிழித்தெறிந்தது பிரதி. மூல ஓலை கிழவரிடம் இருக்கிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. சபை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. வந்தவர் ஆண்டவன் என்பதால் நமக்கு அது ஆனந்தமான கதை. நானும் உருகிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சபையார் ஒரு மனிதனையும் அப்படித்தானே விசாரித்திருப்பார்கள்? அந்தணர் அடிமையாகும் வழக்கம் இல்லையே என்று ஓர் ஆட்சேபம் வந்தது. பேரனைப் பாட்டன் எழுதிக் கொடுக்கலாமா என்ற ஆட்சேபம் வரவில்லை. ஆள் விற்ற ஓலைகள் நம் நாட்டிலும் கற்பனை அல்ல. நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்றதும் ஒற்றி வைத்ததும் சென்னை ராஜதானியின் பழைய ரிகார்டுகளில் ஏராளம். 1843-ம் வருஷத்து 5-வது சட்டம் ஒரு காரியம் செய்தது. மனிதனைச் சொத்தாகக் கொண்டாடும் எந்த உரிமையையும் எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றி வைக்கக் கூடாது, டிக்ரிக்காகவோ வரி பாக்கிக்காகவோ எந்த உத்தியோகஸ்தனும் அடிமை என்று ஆளை ஏலம் போடக் கூடாது என்று விதித்தது. அடிமையை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் இல்லை. அதெல்லாம் 1860-ல் எழுதிய பீனல் கோடு வந்தபிறகுதான். வயற்காட்டில் பண்ணையாட்களின் நிலைமை அதன் பிறகும் வெகுகாலம் மாறவில்லை என்பதும் நமக்குத் தெரியும். கம்பெனியார் கருணாமூர்த்திகளும் அல்ல. ஆனாலும் ஓலையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவனிடம், உன் ஓலை செல்லுமா செல்லாதா என்று பார்க்கவே மாட்டோம், வெளியே போ என்று சொல்ல அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. வித் கிழவர் சொல்ல முயன்றதும் ஏறக்குறைய அதுதான்.

அமெரிக்கக் கோர்ட்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தன. எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தன என்பதற்கு டிரெட் ஸ்காட்டின் வழக்கைச் சொல்ல வேண்டும். அதன் கடைசித் தீர்ப்பைச் சரித்திரம் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். முதல் விசாரணையைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

டிரெட் ஸ்காட்டை எமர்ஸன் என்ற ராணுவ டாக்டர், அடிமை முறை இல்லாத பிரதேசங்களுக்கு அழைத்துப் போய் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். அப்படிப் போய் வந்தவர்களை விடுதலை செய்வது மிஸௌரி ராஜ்யத்துக் கோர்ட்டுகளில் வழக்கமாகவே இருந்தது. டாக்டர் செத்த பிறகு 1846 ஏப்ரலில் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எமர்ஸனின் விதவைமீது வழக்குப் போட்டார்கள். ஜயிக்க வேண்டிய வழக்கு. 1847 ஜூனில் விசாரணை. அந்த அம்மாள் இவர்களை அடிமையாக வைத்திருக்கிறாள் என்று ருசுப்படுத்த வேண்டும். அதற்கு, அவளிடமிருந்து ஸ்காட் குடும்பத்தை வாடகைக்கு எடுத்த ரஸ்ஸல் என்பவரைச் சாட்சியாக அழைத்தார்கள். குறுக்கு விசாரணையில் அவர், ஏற்பாடு செய்தது என் சம்சாரம், நான் பணம் கொடுத்ததோடு சரி என்றார். கேள்விப்பட்டதைச் சொல்கிறவன் சாட்சி சாட்சியாகாது. இவர்கள் எமர்ஸன் அம்மாளின் அடிமைகள் என்பது ருசுவாகவில்லை. ஆகவே பிராது தள்ளுபடி. தள்ளுபடியானதன் பலன் என்ன? இவர்கள் எமர்ஸன் அம்மாளின் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள்! அவளுக்குச் சொந்தம் என்று நிரூபிக்க முடியாததால் அவளுக்கே சொந்தம். சாட்சியச் சட்டப்படி இதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

மறு விசாரணைக்கு உத்தரவாகி, 1850-ல் ஜூரிகள் விடுதலை என்றார்கள். 1852-ல் ராஜ்ய சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிற்று. இதற்குள் அந்த அம்மாள் மாஸசூஸெட்ஸ் பக்கம் போய் சாஃபி என்பவரை மறுமணம் செய்துகொண்டாள். அவளுடைய சகோதரர் ஸான்போர்டுமீது ஸ்காட் புதிதாக வழக்குப் போட்டார். ஸான்போர்டு உண்மையில் சொந்தக்காரர்தானா என்பது சரித்திரக்காரர்களுக்கே இன்றும் தகராறு. கோர்ட்டுக் குமாஸ்தா அவர் பெயரைக்கூடத் தப்பாக எழுதி, அந்தத் தப்பே சட்டப் புஸ்தகங்களில் நிலைத்துவிட்டது. 1857 மார்ச் 6-ம் தேதி வாஷிங்டனில் தலைமை நீதிபதி டானி தீர்ப்பை வாசித்தார். கறுப்பர் வமிசத்தார் அமெரிக்கப் பிரஜைகள் ஆகமாட்டார்கள், ஆகவே ஸ்காட்டுக்கு இந்தக் கோர்ட்டில் வழக்குப் போடவே பாத்தியதை இல்லை என்றார். ஒன்பது பேரில் ஏழு பேர் ஸ்காட்டுக்கு விரோதம். டானி தம்முடைய சொந்த அடிமைகளைப் பல வருஷங்களுக்கு முன்பே விடுதலை செய்துவிட்டவர். இவரும் நல்ல மனிதர்தான் பாருங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு ஒரு சங்கடம். சாஃபி, அடிமை முறையை எதிர்க்கும் கட்சியில் காங்கிரஸ் மெம்பர். நாடு முழுவதும் பேசும் அந்த அடிமை தம் மனைவியின் சொத்து என்று பத்திரிகைகளில் வந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா? மிஸௌரியில் அடிமையை விடுதலை செய்ய மிஸௌரிக்காரனாக இருக்கவேண்டும். ஆகவே ஸ்காட்டின் பழைய எஜமானுடைய மகனும், வழக்குக்கு உதவி செய்து வந்தவருமான டெய்லர் ப்ளோ என்பவர் பெயருக்கு ஸ்காட் குடும்பத்தை எழுதிக் கொடுக்க ஏற்பாடாயிற்று. 1857 மே 26-ம் தேதி அவர் அவர்களை விடுதலை செய்தார்.

ஆனால் வழக்கு நடந்த காலத்துக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. சொத்து யாருக்கு என்று தீர்மானமாகும் வரை அதைக் கோர்ட்டு தன் வசத்தில் வைத்துக்கொள்ளும். வருமானம் டிபாசிட்டில் சேரும். 1848 முதல் செயின்ட் லூயிஸ் ஷெரீப், ஸ்காட்டையும் ஹாரியட்டையும் கூலி வேலைக்கு விட்டு, அந்தக் கூலியைச் சல்லி பிசகாமல் வாங்கி வைத்திருந்தார். வழக்கில் ஜயித்தவருக்கு அது சேரவேண்டும். சாஃபி அம்மாள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கு அது வந்து சேர வேண்டும் என்று கேட்டுத்தான் ஸ்காட் குடும்பத்தை எழுதிக் கொடுக்கச் சம்மதித்தாள்.

டிரெட் ஸ்காட் செயின்ட் லூயிஸில் ஒரு ஹோட்டலில் மூட்டை தூக்கும் வேலைக்கு அமர்ந்தார். அந்தக் கூலி அவர் கைக்கே வந்தது. மறு வருஷம் செப்டம்பர் மாதம் க்ஷயரோகத்தில் இறந்து போனார்.